உன் அம்மாவின் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது தாளில் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, வேண்டுமென்றால் நீயே எழுதிக்கொள். இந்தக் கடிதத்தை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. நீ மனேஜராக இருக்கிற சங்கக் கடையில், அரிசிக்கு வரிசையில் நிற்பவர்கள் முன்னால் சத்தமாகப் படித்தாலும் சரி, நாவுலை பஸ் நிறுத்தத்தில் ஒட்டிவைத்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளித்து ஒளித்து வாழ்ந்தே எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. இனிமேல் என்னால் ஆகாது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை தையல் கடைக்கு வந்தது. முதலாளி முஸ்லிம் நானாதான் தபால்காரரிடம் வாங்கி என் மெஷின் மேல் வைத்தார். “மகன்ட கடிதம். கலியாணச் செய்தி போல, மொத்தமா ஈக்கி” என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் பிரித்தேன். முதல் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. பெண் கண்டி, அவளுடைய அப்பாவுக்குப் பித்தளைச் சாமான் கடை, இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம், அவர்கள் நாயுடு, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இரண்டாவது பக்கத்தில் நாமும் நாயுடு ஆகிவிட்டோம். ‘நம் வீட்டிலும் தெலுங்குதானே பேசினோம், பாதி உண்மைதானே’ என்று எனக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். மூன்றாவது பக்கத்தை மட்டும் நான் நான்கு தடவை படித்தேன். ‘நீங்கள் பேசலாம் அப்பா, உங்கள் தமிழ் சுத்தமாக இருக்கிறது, தெலுங்கு மறந்துவிட்டது என்று சமாளித்துவிடுவீர்கள். அம்மாதான் பயமாக இருக்கிறது. சம்பந்தியம்மா தெலுங்கில் பேச்சுக் கொடுத்து, அம்மா வாயைத் திறந்தால் தோட்டத்து லயத்துத் தெலுங்கு என்று உடனே தெரிந்துவிடும். அதனால் அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி சுற்றி வந்தால் நல்லது. நீங்கள் தையற்காரர், பார்க்க நம்பும்படி கட்டிவிடுவீர்கள்.’

அந்தக் கடைசி வரிக்காக உன்னை நேரில் பார்த்தால் அறைந்திருப்பேன். இருபத்தெட்டு வயது மகனை அறையலாமா என்று நீ கேட்டிருக்க முடியாது, கேட்பதற்குள் இரண்டாவது அறை விழுந்திருக்கும். முப்பது வருடமாக இந்த விரல்களால் ஊருக்குச் சட்டை தைத்திருக்கிறேன். வெளிநாட்டுத் துரை முதல் மாடு மேய்க்கிறவன் வரை தோள் அளந்திருக்கிறேன். பெற்ற தாயின் வாயைக் கட்டுவதற்கு அளவெடுக்கச் சொல்லி ஒருவனும் இதுவரை என்னிடம் வந்ததில்லை.

உன் அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பது உனக்கு வசதியாகப் போய்விட்டது. அன்று சாயந்தரம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். காட்டினேன் என்று சொல்வதும் பொய்தான். கல்யாணத் தேதியையும் பெண்ணின் பெயரையும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “மூணு பக்கம் எழுதியிருக்கான். நீங்க மூணு வரிதான் படிச்சீங்க. மிச்சத்த யாரு படிப்பா?” என்றாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் படித்தேன். வெள்ளைத் துணி வரை படித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “எனக்கா? எப்பங்க ஆபரேசன் பண்ணாங்க? எனக்கே சொல்லலயே!” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் முகம் இருண்டுவிட்டது. பிறகு இரண்டு நாள் அவள் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை இல்லை. நான் பயந்துபோனேன். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. ஒரு தடவை நானே அதை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த வித்தையை உனக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்று சொல்லாமல் திட்டினால் நான் பெரிய யோக்கியன் ஆகிவிடுவேன். உனக்கு ஏழு வயதில் மாத்தளை டவுனில் ஒரு தெலுங்குப் படம் பார்த்தோமே, அது ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்று சொல்வாய். உன் பல்லுக்கு ஞாபகம் இருக்கும்.

அதற்கு முன்னால் நாம் யார் என்பதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இதுவரை எங்கேயும் எழுதாதது. யட்டவத்தைக்கு மேலே உள்ள தோட்டத்தில் என் அப்பா வாசல்கூட்டி. லயத்து வரிசை வீடுகளின் சாக்கடைக் காணைக் கழுவுவதும், கக்கூஸ் வாளியைச் சுமந்துபோய்க் கொட்டுவதும் அவர் வேலை. உன் அம்மாவின் அப்பாவுக்கும் அதே வேலைதான். தோட்டத்தில் நம் ஆட்களுக்குக் கடைசி லயம், அதுவும் சரிவில். நாம் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதே நாம் யார் என்பதற்கு அடையாளம். நாம் வாய் திறந்தால் போதும், கோயிலில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மற்றவர்கள் விரலால் காட்டுவார்கள். பிள்ளைகள் தகப்பனை நைனா என்று கூப்பிடுகிற வீடு எது என்று தோட்டம் முழுக்கத் தெரியும். நான் தையல் பழகி, கல்யாணம் செய்து, டவுனுக்கு இறங்கி வந்து, நானாவின் கடையில் சேர்ந்தபோது, மதுரைப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்காதபடி தலையைக் குனிந்து தைத்தேன். உன்னையும் அப்படித்தான் பழக்கினேன். கதவுக்கு உள்ளே நைனா, கதவுக்கு வெளியே அப்பா. மூன்று வயதிலேயே நீ படலையைத் தாண்டும்போது சரியாக மாற்றிக்கொள்வாய். கெட்டிக்காரப் பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன்.

உன் தாத்தாவை, உன் அம்மாவின் அப்பாவை, நீ ஒரு கிழிந்த சாக்குப் போர்த்திய ஆளாகத்தான் இரண்டு மூன்று தடவை பார்த்திருப்பாய். அவரை நான் ராஜாவாகப் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை நம் ஆட்கள் தோட்டத்து மைதானத்தில் ஒரு தெலுங்கு நாடகம் போடுவார்கள். ‘என் பெயரைச் சொல்லிக் கும்பிடு’ என்று கட்டளையிட்ட ராஜாவும், ‘சாமி பெயரைத்தான் சொல்லுவேன்’ என்று அடம்பிடித்த அவன் மகனும், கடைசியில் தூணைப் பிளந்துகொண்டு சிங்கமுகத்தோடு சாமி வருவதும், எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துக் கிரீடம் செய்வார்கள். தூண் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெறும் தேயிலைப் பெட்டிகள். உள்ளே சிங்கம் வேஷக்காரர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராஜாவின் குடலுக்கு நான்தான் சிவப்புத் துணியில் நீளமாக ஒரு குழாய் தைத்து, பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். எனக்கு உன் அம்மாவைக் கொடுத்ததற்கு அந்தக் குடலும் ஒரு காரணம் என்று உன் தாத்தா சொல்வார்.

காலையில் பெயர் கூப்பிடும்போது கங்காணி கடைசியாகக் கூப்பிடுகிற மனிதர், அந்தக் கிரீடத்தை வைத்ததும் பேசிய தெலுங்கே வேறு. வீட்டில் நாம் பேசுகிற தெலுங்கு இல்லை அது. ராஜசபைத் தெலுங்கு. அவருக்கு ஓர் எழுத்துத் தெரியாது. அவருடைய அப்பா கப்பலேறி வந்தபோது தலைக்குள் கொண்டுவந்த நாடகம், வாய் வழியாக இவர் தலைக்குள் இறங்கியது. ஒவ்வொரு பத்தியத்தையும் (அந்தப் பாட்டு வசனத்துக்கு நம் ஆட்கள் பத்தியம் என்றுதான் சொல்வார்கள்) கடைசி அடியில் ஒரு இழு இழுப்பார் பார், கூட்டத்திலிருந்து “ஒன்ஸ்மோர்!” என்று கத்துவார்கள். கத்தினால் திரும்பப் பாட வேண்டும், அதுதான் வழக்கம். முதல் ஆளாகக் கத்துவது உன் அம்மாவின் வேலை. ஐந்து வயதிலிருந்து அது அவள் வேலை. ஒரு வருடம் சிங்கம் ராஜாவை மடியில் போட்டு, வயிற்றைக் கிழித்து, நான் தைத்த குடலை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்ட பிறகு, இவள் “ஒன்ஸ்மோர்!” என்று கத்திவிட்டாள். செத்த ராஜா எழுந்தார். குடலைத் தோளில் ஒதுக்கிவிட்டு, அந்தக் கடைசிப் பத்தியத்தை முழுவதும் பாடிவிட்டு, மறுபடியும் சிங்கத்தின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. துரை பங்களாவின் சமையற்காரர் கூட, நம் ஆட்களை முற்றத்தில் ஏறவிடாதவர், நின்றுகொண்டே கை தட்டினார்.

தாத்தா இறந்து மூன்று மாதம் ஆனபோதுதான் அந்தப் படம் வந்தது. தியேட்டரில் போடவேண்டிய தமிழ்ப் படத்தின் பெட்டி வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு தெலுங்குப் பெட்டி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வாசல் பலகையில் ‘மேடையில் புகழ்பெற்ற நாடகம் இப்போது பக்திப் படமாக. பாஷை தெரியத் தேவையில்லை’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. அதே ராஜா, அதே மகன், அதே தூண். கடையிலிருந்து வந்து நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தன் அப்பாவின் சாவுக்கு அழாத உன் அம்மா, படத்துக்குப் போகலாமா என்று கேட்கும்போது கண் கலங்கினாள். “ஒரே ஒரு தடவங்க. பேசாம ஒக்காந்து பாத்துட்டு வந்துர்றேன்” என்றாள்.

ஞாயிறு மத்தியானக் காட்சி. சின்ன வகுப்பில் நடுவில் பாதை, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து இருக்கையில் இருந்தேன். பாதைக்கு அந்தப் பக்கம், இரண்டு வரிசை முன்னால் உன் அம்மா. எனக்கு நேர் முன்னால் யார் என்று நினைக்கிறாய்? அடுத்த மாதம் உன்னைச் சேர்ப்பதற்காக நான் இரண்டு தடவை போய்க் கும்பிட்டுவிட்டு வந்த பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார். உன் அம்மாவை அவர் பார்த்ததில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளோடு உட்காரவைப்பேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு நான் ஒரு சட்டையும் தைத்துக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு அவர் போட்டிருந்ததும் அதுதான். படம் முழுக்க என் கையால் போட்ட தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனங்களுக்குப் பாஷை தேவைப்படவில்லை, பலகையில் எழுதியது உண்மைதான். சாமி வந்தபோது செருப்பைக் கழற்றினார்கள், ஒருத்தி கற்பூரம் கொளுத்தப்போய்க் காவலாளியிடம் ஏச்சு வாங்கினாள். ஆனால் திரையில் ராஜா முதல் பத்தியத்தை எடுத்தபோது, அதே பத்தியம், அதே அடி, உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். அவள் உதடு ராஜாவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. திரையில் அவன் அடுத்த சொல்லைச் சொல்வதற்குள் இவள் சொல்லி முடித்திருந்தாள். கடைசி அடியில் அந்த ராஜா ஒரு இழு இழுத்தான். நல்ல குரல்தான், பொய் சொல்லக் கூடாது. இழுத்து முடித்த கணத்தில், தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி, உன் அம்மா கத்தினாள்.

“ஒன்ஸ்மோர்!”

படம் அது பாட்டுக்கு ஓடியது. ராஜா அடுத்த காட்சிக்குப் போய்விட்டான். தியேட்டர் சிரித்தது, விசில் அடித்தார்கள், யாரோ ஒருவன் “படத்துக்கு ஒன்ஸ்மோர் கேக்குது பாருடா!” என்றான். அவளோ சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. எழுந்து நின்று, திரையைக் கையால் காட்டி, “இன்னொன்னு இருக்கு! மகன மலையிலருந்து தள்ளச் சொல்லிட்டு ராஜா தனியா நின்னு பாடுவாரே, அத விட்டுட்டாங்க!” என்றாள். முதலில் தெலுங்கில் சொன்னாள். பிறகு தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். இருட்டிலும் அந்த முகம் தெரிந்தது. எவ்வளவு சந்தோஷம் அதில்! ஆமாம் என்று நான் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. குடல் தைத்துக் கொடுத்தவன் நான். விட்டுப்போன அந்தப் பத்தியம் எனக்கும் தெரியும்.

வாத்தியார் திரும்பி, “யாருங்க அது? டவுன் ஆளு மாதிரி தெரியலயே. ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார். உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றதால்தான் கேட்டார். நான், “தெரியாதுங்க சேர். தோட்டத்துலருந்து வந்த பொம்பள போல” என்றேன். ‘போல’ என்று வேறு சொன்னேன் பார். அப்போது நீ மடியிலிருந்து “அம்மா!” என்று கூப்பிட வாயெடுத்தாய். உன் வாயை என் கையால் பொத்தினேன். இறுக்கிப் பொத்தினேன். நீ கடித்தாய். கட்டை விரலின் அடியில், சதை பிய்கிற மாதிரி கடித்தாய். நான் கையை எடுக்கவில்லை. திரையில் சிங்கம் தூணைப் பிளந்தபோது சனங்கள் எல்லாம் கும்பிட்டார்கள், என் இரண்டு கைகளில் ஒன்று உன் வாயில் இருந்தது.

படம் விட்டதும் வாத்தியார் போகும்வரை சுவரோரம் நின்றேன். பிறகு மூன்று பேரும் நடந்தோம், அவள் பத்தடி பின்னால் வந்தாள். பாலம் தாண்டியதும் கிட்டே வந்து, “அந்த ஆளு என்ன கேட்டாரு?” என்றாள். “சும்மா படத்தப் பத்தி” என்றேன். நீ உடனே, “நைனா ஒன்னயத் தெரியாதுன்னு சொன்னாரும்மா” என்றாய். வெளியில் நின்றுகொண்டு நைனா என்றாய். அதற்கும் உன்னை முறைத்தேன். அவள் உன் கையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் தெலுங்கு பேசியதில்லை. கதவுக்கு உள்ளேயும் இல்லை. நீ தெலுங்கு மறந்தது அப்படித்தான். இங்கே பிறந்ததால் மறந்துவிட்டது என்று உன் மாமனார் வீட்டில் சொல்லியிருப்பாய்.

உனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாய், சிங்களம் படித்தாய், உத்தியோகம் பார்த்தாய். அந்தப் பொய்யால் நமக்கு எல்லாம் கிடைத்தது, அதுதான் வயிற்றெரிச்சல். கிடைக்காமல் போயிருந்தால் அன்றைக்கே புத்தி வந்திருக்கும். பத்து வருடம் கழித்து ஒருநாள் என்னால் தாங்க முடியாமல், நானாவிடம் நாம் யார் என்று சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று கத்தரிக்கோலைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “ஒங்கட ஜாதிய வெச்சி நான் என்ன செய்யிற? சட்டக் கோலரு நேரா ஈக்கா, அதக் காட்டுங்க” என்றார். இத்தனை வருடம் நான் பயந்தது இந்த மனிதருக்கு! எல்லோரும் நானா மாதிரி இருக்கமாட்டார்கள், தெரியும். அந்த வாத்தியார் அப்படி இல்லை. உன் பித்தளைக் கடைக்காரரும் அப்படி இல்லாமல் இருக்கலாம். ஆனால் யார் எப்படி என்று பார்ப்பதற்குக் கூட நாம் ஒருவருக்கும் சந்தர்ப்பம் கொடுத்ததில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சமாவது யோசித்தாயா? உன்னோடு நாற்பது வருடம் வாழப்போகிறவள். உனக்கு ஒரு மகன் பிறந்தால் இந்தப் பாட்டியை எந்தப் பெயர் சொல்லிக் காட்டுவாய்? எத்தனை வருடத்துக்கு ஆபரேஷன் ஆறாது? அல்லது ஆறாமலே செத்துப்போய்விட்டாள் என்று ஒரு கடிதம் எழுதுவாயா? நான் சொல்கிறேன், பொய்யில் ஒரு துண்டு வெட்டினால் அதை மூட இன்னொரு துண்டு வேண்டும், அதன் ஓரத்தை மடிக்க இன்னொன்று. கடைசியில் ஆளே தெரியாது, ஒட்டுத்துணி மட்டும்தான் தெரியும். முப்பது வருடம் தைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் என் பெண்டாட்டியைத் தெரியாது என்று சொன்னது ஒரு நிமிஷப் பயத்தில். நீ மூன்று பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய், தபால்தலை வாங்கி ஒட்டியிருக்கிறாய். எனக்கும் உனக்கும் அதுதான் வித்தியாசம். நீ என்னைவிடக் கெட்டிக்காரன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கதையில் மகன் தகப்பன் பெயரைச் சொல்லமாட்டேன் என்றான். சாமிக்காகச் சொல்லமாட்டேன் என்றான், அதனால் சனங்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். நீ பித்தளைக் கடைக்காக உன் தகப்பன் பெயரைச் சொல்லமாட்டேன் என்கிறாய். உன்னை யார் கும்பிடுவார்கள்? படம் பார்த்த அன்று எல்லோரும் பிள்ளை பக்கம் இருந்தார்கள். எனக்கு இப்போது அந்த ராஜா மேல்தான் இரக்கம் வருகிறது. அன்றைக்குக் கடிக்கத் தெரிந்தது உனக்கு. ஏழு வயதில் உன் அம்மாவைக் கூப்பிடுவதற்காக என் சதையைக் கடித்தாய். ஒரு வாரம் விரலில் அங்குஸ்தான் போட முடியாமல் இடது கையால் ஊசி பிடித்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, இந்தப் பேனாவைப் பிடித்திருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்தப் பிள்ளை எங்கே போனான் என்று உன்னைத்தான் கேட்கிறேன். அவனைப் பொத்திக் கொன்றது என் கைதான் என்றால், அதையும் நேரில் வந்து சொல்லு. ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்று உன் அம்மா பேசினாள். நான் இந்தக் கடிதத்தின் முதல் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள். “கல்யாணத்துக்குப் போறோமா இல்லயா?” என்றாள். போகவேண்டாம், அவனே வேண்டாம் என்று நான் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பெத்தவ நானு. நீங்க எதுக்குக் கத்துறீங்க? போறோம்” என்றாள். பிறகு மெதுவாக, “என்னயப் பேசக் கூடாதுன்னுதான எழுதியிருக்கான்? பாடக் கூடாதுன்னு எழுதலயே” என்றாள். “அவங்களுக்கு நல்ல தெலுங்குதான வேணும்? எங்க நைனா பேசுன தெலுங்க அந்த அம்மா எங்க கேட்டிருக்கப் போறாங்க? படத்துல வெட்டுனாங்களே, அதப் பாடுறேன். பாடி முடிச்சிட்டு, இது எங்க அப்பா பாடுனது, அவரு தோட்டத்துல வாளி தூக்குனவருன்னு தமிழ்லயே சொல்லிட்டு ஒக்காந்துக்கிறேன். அதுக்கு மேல தாலி கட்டுறதும் கட்டாததும் அவங்க பாடு” என்றாள்.

பிறகு பாடினாள். இருபத்தொரு வருடம் கழித்து, என் முன்னால், அடுப்படிக் குசினி வாசலில் உட்கார்ந்து பாடினாள். மகனை மலையிலிருந்து உருட்டச் சொல்லிவிட்டு ராஜா தனியாக நிற்கிறான். இவனை இந்தத் தொடையில்தானே வைத்திருந்தேன், இந்த மீசையைத்தானே பிடித்து இழுத்தான், இவன் கால் தரையில் படக் கூடாதென்று பட்டு விரித்தவன் நான்தானே, இப்போது பாறையில் விழச் சொன்னவனும் நான்தானே என்று கேட்கிறான். படத்தில் இதை ஏன் வெட்டினார்கள் என்று எனக்குப் புரிந்தது. இதைக் கேட்டால் சனங்கள் ராஜாவைக் கொல்ல விடமாட்டார்கள். குரல் கொஞ்சம் கரகரத்தது. மற்றபடி உன் அம்மாவின் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால் உனக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் கண்டிக்குப் போய், முதலில் அந்தப் பெண்ணிடமும் பிறகு அவளைப் பெற்றவர்களிடமும் நீயே சொல்லிவிடு. நீ சொன்னால், முடிவு எதுவானாலும், நான் உன் பக்கத்தில் வந்து நிற்பேன். அவர்கள் துரத்தினால் சேர்ந்து நடந்து வருவோம். உனக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றால் சும்மா இரு, நாங்கள் குறித்த நேரத்துக்கு வந்துவிடுவோம். இதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. கழுத்தில் துணி இருக்காது. அவளுக்கு ஒரு சிவப்பு ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறேன், கழுத்து நன்றாக இறக்கி வெட்டியிருக்கிறேன். அவள் ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பாராமல் என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

சபையில் அவள் எழுந்து அந்தக் கடைசி அடியை இழுத்து முடிக்கும்போது யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், எனக்குத் தெரியும். உன் முகம் வெளுத்துவிடும். யாராவது திரும்பி, இது யார், உங்களுக்குத் தெரிந்தவர்களா என்று கேட்கலாம். கேட்கட்டும். நான் எழுந்து நின்று, கண்டி டவுன் முழுக்கக் கேட்கும்படி, ஒன்ஸ்மோர் என்று கத்துவேன்.

உன் நைனா